ரெண்டு நாள் வேலை

சரவணா,

உனக்கு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. ஆவடிக்கும் நூம்பலுக்கும் நடுவில் கடிதம் எழுதிக்கொள்கிற அளவுக்கு என்ன தூரம் என்று நீ சிரிப்பாய். போன ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நீ என் போனை எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் நான் சொல்ல வந்தது போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. பாதியிலேயே நீ "சரிம்மா, வெக்கிறேன்" என்று வைத்துவிடுவாய். பத்தாவது வரை படித்தவள்தானே, எழுதினால் முழுசாகச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். ரேவதி நாளைக்குச் செக்கப்புக்காக இந்தப் பக்கம் வருகிறாள். அவளிடம் கொடுத்து அனுப்புகிறேன். பெண்டாட்டி, அதுவும் வயிற்றுப்பிள்ளைக்காரி சொன்னால் நீ படிப்பாய் என்று ஒரு நம்பிக்கை.

அன்றைக்கு நான் நெத்திலிக் குழம்பு எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். நீ வேலைக்குப் போயிருப்பதாக ரேவதி சொன்னாள். ஞாயிற்றுக்கிழமையிலுமா என்று நினைத்துக்கொண்டேன். மூன்று மணி வாக்கில் நீ வந்து வாசலில் செருப்பைக் கழற்றினாய். உன் புருவம், மூக்கு ஓரம், காது மடல் எல்லாம் வெள்ளையாக இருந்தது. இருபத்தெட்டு வயதுப் பிள்ளை கிழவனைப் போல நின்றாய். "இன்னா நைனா இது?" என்று கேட்டேன். "முகப்பேர்ல ஒரு பாத்ரூம்மா. தரை மட்டும்தான். காலைல பூந்தேன், முடிச்சிட்டு வந்துட்டேன்" என்றாய். டைல்ஸ் இடுக்கைச் சுரண்ட மிஷின் போட்டாயா என்று கேட்டதற்கு, "பின்ன? கையால சுரண்டிகினு குந்தியிருந்தா எவன் வேல குடுப்பான்?" என்றாய். கதவைத் திறந்து வைத்திருந்தாயா என்றேன். "அவங்க சாத்தச் சொன்னாங்க. ஊடு பூரா தூசி பறக்குதாம்." சொல்லிவிட்டு நீ இருமினாய். அந்த இருமலை நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

எவ்வளவு பேசினாய் என்று கேட்டேன். ஆயிரத்து ஐந்நூறு என்றாய். வேறு ஒருவன் இரண்டாயிரம் கேட்டானாம், அவனுக்குக் கீழே சொன்னால்தான் உனக்கு வேலை கிடைக்குமாம். இப்படிச் செய்யாதே நைனா, உடம்பு போய்விடும் என்றேன். அப்போது நீ சொன்னதுதான் இன்னும் என் காதில் இருக்கிறது. "அப்பா பீடி குடிச்சாரு, போய்ட்டாரு. நான் இன்னா பீடியா குடிக்கிறேன்?" ரேவதி பக்கத்தில் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். குழம்புச் சட்டியை அங்கேயே வைத்துவிட்டுப் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டேன்.

உன் அப்பா செத்தது பீடியால் இல்லை, சரவணா. நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே அவர் பீடியை விட்டுவிட்டார். துக்கத்துக்கு வந்தவர்கள் பந்தலில் உட்கார்ந்துகொண்டு பீடிதான் என்று பேசினார்கள். உன் பெரியப்பா அப்படிச் சொன்னார், நீயும் கேட்டுக்கொண்டாய். அன்றைக்கு யாரோடும் வாதாட எனக்குத் தெம்பு இல்லை. அப்புறம் அதுவே எல்லோருக்கும் நிஜமாகிவிட்டது. நீ ஒரகடம் கம்பெனியில் சேர்ந்து ஹாஸ்டலில் இருந்த சமயம் அது. வாரக் கடைசியில் வருவாய். அவர் பவுடர் போட்டுக்கொண்டு, துவைத்த சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நீ பார்த்த அப்பா அவ்வளவுதான். நான் பார்த்ததை உனக்குச் சொல்லாமல் நான் போய்விடக் கூடாது.

எங்களுக்குக் கல்யாணமான காலத்தில் முகப்பேரிலும் அம்பத்தூரிலும் வீடுகள் எழும்பிக்கொண்டே இருந்தன. உன் தாத்தா நூம்பலில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். உன் அப்பா அதே நூம்பலிலிருந்து கிளம்பிப்போய் அடுத்தவர் வீட்டில் டைல்ஸ் ஒட்டினார். டைல்ஸையும் கிரானைட்டையும் கட்டிங் மிஷினில் வெட்டும்போது மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொள்வார், அவ்வளவுதான் பாதுகாப்பு. பிறகு புது வீட்டு வேலையெல்லாம் பெரிய கான்ட்ராக்டர்களிடம் போனது. அவர்களே ஆட்களைக் கொண்டுவந்தார்கள். ஆனால் இவர் ஒரு காலத்தில் ஒட்டிய தரைகள் எல்லாம் அதற்குள் பழசாகியிருந்தன. குளிக்கிற இடத்தில் டைல்ஸுக்கு நடுவே இருக்கிற பூச்சு கரைந்து, கறுத்து, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பழைய பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுசாக கிரவுட் என்கிற இடுக்குப் பூச்சை அடித்துக் கொடுக்கிற வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. சின்ன வேலை, பெரிய கான்ட்ராக்டர் யாரும் வரமாட்டார். உன் அப்பா வந்தார். அவரோடு சித்தாளாக வந்துகொண்டிருந்தவர் ஊரைப் பார்க்கப் போய்விட, நான் போக ஆரம்பித்தேன்.

அந்த வருஷங்கள் எனக்குப் பிடித்திருந்தன என்று சொன்னால் நம்புவாயா. வண்டியில் முன்னால் கருவிப் பை, பின்னால் நான், என் மடியில் வாளி. மதியம் அந்தந்த வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவரோடு நான் பேசியதைவிட அந்த மாடிப்படிகளில் பேசியது அதிகம். உன்னை மேலே படிக்க வைக்கலாம் என்று முடிவெடுத்ததுகூட ஒரு வீட்டின் மொட்டைமாடியில், டைல்ஸ் காய்வதற்காகக் காத்திருந்தபோதுதான். அவர் வேலையில் சுத்தம். ஆனால் விலை சொல்வதில் கூச்சம். வீட்டுக்காரர்கள் "எவ்வளவு?" என்று கேட்டதும் அவர் தரையைப் பார்ப்பார். சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு வைத்திருந்தார், புதுத் தரை ஒட்டும்போது சொல்கிற அதே கணக்கு. குளிக்கிற இடம் எத்தனை சதுர அடி இருக்கும்? பெருக்கிப் பார்த்தால் ஒன்றும் வராது. அதிலும் அவர்கள் முகத்தைச் சுளித்தால் "சரிங்க, நீங்களே பாத்து குடுங்க" என்றுவிடுவார்.

முகப்பேரில் ஒரு வீடு சொல்கிறேன். இரண்டாவது மாடி. அந்த வீட்டு அம்மா நல்ல மாதிரி, போனதும் எங்களுக்கு மோர் கொடுத்தார்கள். "ஒரே பாத்ரூம்தாங்க. அவரு ஆபீஸ்லேர்ந்து வந்ததும் குளிக்கணும். சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடுவீங்களா?" என்று கேட்டார்கள். இவர் முடியும் என்றார். சின்னச் சின்னச் சதுரமாக, வழுக்காத டைல்ஸ் போட்ட தரை அது. தரை சின்னதாக இருந்தாலும் இடுக்கு முழுக்கக் கோடுகோடாக ஓடும். கையால் சுரண்டினால் அதற்கே ஒரு பகல் போய்விடும். இவர் மிஷினை எடுத்தார். ஐந்து நிமிஷத்தில் கூடமெல்லாம் புகை மாதிரிப் பரவியது. அந்த அம்மா சோபாவைப் போர்த்தப் போர்வையோடு ஓடி வந்து, "ஐயோ, கொஞ்சம் கதவ சாத்திக்கோங்களேன்" என்றார்கள். "சரிங்கமா" என்று இவர் சாத்திக்கொண்டார். நான் பால்கனியில் கிரவுட் கலக்கத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தக் குளியலறையில் இருந்த ஜன்னல் ஒரு கை அகலம்தான். நடுவில் ஒரு தடவை கதவைத் தட்டி, "கொஞ்ச நேரம் வெளிய வாய்யா" என்றேன். "வந்தா முடியாது. ஆபீஸ்லேர்ந்து ஆளு வந்துடும்" என்று பதில் வந்தது. கடைசியில் வெளியே வந்தபோது அவர் கண் மட்டும்தான் கறுப்பாக இருந்தது. அந்த வீட்டு ஐயா வருவதற்குள் முடித்துக் கொடுத்தோம். ராத்திரியே தண்ணீர் ஊற்றிக் குளித்திருப்பார்கள். அடுத்த மழைக்காலம் வருவதற்குள் அந்த இடுக்கு மறுபடி கரைந்து, அவர்கள் எங்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள், நாங்களும் போய்க் காசு வாங்காமல் செய்துகொடுத்தோம். மறுபடி மிஷின், மறுபடி சாத்திய கதவு. இப்படி எத்தனை வீடு என்று எனக்குத் தெரியாது. எல்லா வீட்டிலும் நல்ல மனுஷர்கள்தான் இருந்தார்கள். அவருக்கு என்ன ஆகிறது என்று அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

முதலில் மாடி ஏறும்போது நின்று நின்று ஏறினார். வயசாகிவிட்டது என்று சிரித்தார். பிறகு இருமல் பிடித்தது, விடவில்லை. சளி மருந்து, நாட்டு மருந்து, கஷாயம் எல்லாம் ஆனது. டிபியாக இருக்கும் என்று சளியைச் சோதித்தார்கள், இல்லை என்று வந்தது. கடைசியில் டவுனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுத்தோம். டாக்டர் சின்ன வயசுக்காரர். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "கல்குவாரியில வேலை செஞ்சீங்களா?" என்று கேட்டார். "இல்ல சார். டைல்ஸ் வேல. இப்போ பாத்ரூம்ல இடுக்கு சுரண்டி பூசுற வேல" என்றார் உன் அப்பா. "மூடின ரூம்லயா?" என்றார் டாக்டர். இவர் தலையை ஆட்டினார். டாக்டர் படத்தைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "கல்லுத் தூசியும் சிமெண்ட் தூசியும் நுரையீரல்ல போய் உக்காந்து தழும்பாயிடுச்சு. இத எடுக்க மருந்து இல்லீங்க. இனிமே உள்ள போகாம பாத்துக்கலாம். மூச்சு வாங்குறதுக்கு மருந்து தர்றேன்." எனக்குப் புரிய நேரம் பிடித்தது. இவருக்கு உடனே புரிந்துவிட்டது.

திரும்பி வரும்போது பூந்தமல்லி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவரை உட்கார வைத்தேன். வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம், "நான் ரேட்டு கம்மியா சொல்லிட்டேன்மே" என்றார். ஏதோ ஒரு வேலையைப் பற்றிக் கவலைப்படுகிறார் என்று நினைத்தேன். இந்த நேரத்தில் இது ஒரு கவலையா என்று எனக்குக் கோபம்கூட வந்தது. "எந்த ஊட்டுக்கு?" என்றேன். "எல்லா ஊட்டுக்கும்தான்" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு மெல்ல மெல்லச் சொன்னார். "கம்மியா சொன்னா ஒரே நாள்ல முடிச்சாகணும். ஒரே நாள்ல முடிக்கணும்னா மிஷின் போடணும். மிஷின் போட்டா கதவ சாத்தணும். வெலய நான்தான சொன்னேன். என் வாயால நான்தான சொன்னேன்." நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பஸ்ஸில் ஆட்கள் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. பிறகு அவர், "பையன்கிட்ட சொல்லாத. இப்பதான் கம்பெனில சேந்துகிறான். சொன்னா எல்லாத்தையும் வுட்டுட்டு ஓடியாந்துடுவான். நெஞ்சு சளின்னு சொல்லு" என்றார். அதனால்தான் நீ நெஞ்சு சளி என்று நினைத்துக்கொண்டிருந்தாய்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு வேலைக்கு அவர் வந்தார். கொரட்டூரில் ஏரிப் பக்கம் ஒரு தனி வீடு. வயதான தம்பதி, பிள்ளைகள் வெளியூரில். அந்த அம்மாவுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. தரையில் ஒரு டைல்ஸ் இடுக்குப் பெயர்ந்து, தண்ணீர் தேங்கி வழுக்கியது. இன்னொரு தடவை விழுந்தால் எழுந்திருக்க முடியாது என்று பயந்து எங்களைக் கூப்பிட்டார்கள். நான் தனியாகப் போகிறேன் என்றேன். "வெல நான் சொல்லணும்" என்று பிடிவாதமாக ஆட்டோவில் ஏறினார். அந்த வீட்டில் போய்க் கீழே குந்தி, சுரண்டியின் பிடியால் ஒவ்வொரு டைல்ஸையும் தட்டிக் கேட்டார். ஓரத்தில் இரண்டு கல் அடியில் பிடிப்பில்லாமல் பொள்ளென்று ஒலித்தன. அதைப் பெயர்த்து ஒட்டிவிட்டுத்தான் கிரவுட் அடிக்க வேண்டும் என்று எனக்குக் கண்ணைக் காட்டினார். தண்ணீரை ஊற்றி அது வடிகால் ஜாலிக்குப் போகிறதா, எங்காவது நிற்கிறதா என்று பார்த்தார். எழுந்திருக்க என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அந்த வீட்டு ஐயா எவ்வளவு ஆகும் என்று கேட்டார். இவர் வழக்கம்போலத் தரையைப் பார்க்கவில்லை. "நாலாயிரத்தி..." என்று ஆரம்பித்தார், மூச்சு முட்டிக்கொண்டது. தரையைப் பார்க்கும்போதே என் காதில் கணக்கைச் சொல்லியிருந்தார், மிச்சத்தை நான் சொன்னேன். "நாலாயிரத்தி ஐந்நூறு, ஐயா. ரெண்டு நாள் வேல. அதுக்கப்பறம் ஒரு நாள் முழுக்க தண்ணி படக்கூடாது." ஐயா யோசித்தார். "வேற ஒருத்தர் ரெண்டாயிரம், ஒரே நாள்ல முடிச்சிடறேன்னு சொல்லிட்டுப் போனாரேம்மா" என்றார். நான் உன் அப்பாவைப் பார்த்தேன். இந்த இடத்தில்தான் அவர் எப்போதும் இறங்கிப்போவார். அன்றைக்கு அவர் தலையை மட்டும் ஆட்டினார். மூச்சு திரும்பியதும், "கொறைக்க முடியாதுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அடுப்படி வாசலில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த அம்மா இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இவங்களே செய்யட்டும். வாசல் பக்கம் இன்னொரு பாத்ரூம் இருக்கே, அதுல சமாளிச்சுக்கலாம்" என்றார்கள்.

மறுநாள் காலையில் நடையில் அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். நான் உள்ளே உட்கார்ந்தேன். சித்தாளாகத்தான் அதுவரை போயிருக்கிறேன், கையில் சுரண்டியை எடுத்து முழுத் தரையும் செய்தது அன்றைக்குத்தான். ஜன்னலும் கதவும் விரியத் திறந்திருந்தன. மூக்கை மூடும் முகமூடி ஒன்றை அவர் எனக்காக வாங்கி வைத்திருந்தார், துண்டு இல்லை, வடிகட்டி வைத்த நல்ல முகமூடி. ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் அடித்து இடுக்கை நனைத்துவிட்டுச் சுரண்டினால் தூசியே எழும்பவில்லை. சேறாகத் திரண்டு வந்தது. இத்தனை வருஷமும் இது இவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது என்று நினைத்தபோது எனக்குக் கை ஓடவில்லை. அவர் அங்கிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். "மேல மேல எடுக்காதமே. ஆழமா எடு. புதுசு புடிக்கணும்னா உள்ள எடம் வேணும்." "ஓரத்த ஒடைக்காத." "ஸ்பாஞ்சால தொட." ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் நீளமாக மூச்சு விடுவார். அன்றைக்குச் சுரண்டி, கழுவி, அந்த இரண்டு கல்லையும் பெயர்த்து ஒட்டிவிட்டு, காயட்டும் என்று வந்துவிட்டோம். அடுத்த நாள் கிரவுட்டைக் கெட்டியாக, இட்லி மாவைவிடக் கெட்டியாகக் குழைத்து, ரப்பர் பலகையால் இடுக்குக்குக் குறுக்காக இழுத்து அழுத்தி நிரப்பினேன். கோட்டோடு இழுத்தால் பலகை உள்ளே இருப்பதைத் தோண்டி எடுத்துவிடும் என்றார். ஸ்பாஞ்சையும் பிழிந்து குறுக்காகத்தான் துடைக்கச் சொன்னார். நிமிர்ந்து பார்த்தபோது அவர் நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார். அந்த வீட்டு அம்மா அவர் தலைக்குப் பின்னால் ஒரு தலையணையைச் செருகியிருந்தார்கள்.

எழுந்ததும், "முட்ச்சிட்டியா?" என்றார். கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். வாசற்படியிலேயே உட்கார்ந்து, கை எட்டுகிற தூரத்தில் ஒரு கோட்டின் மேல் கட்டைவிரலைப் படாமல் பட வைத்துப் பார்த்தார். நல்லா இருக்கு என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் கண் கலங்கியிருந்தது. "இந்த மாதிரி ஒரு தரைய கூட நான் செஞ்சதில்லமே" என்றார். எத்தனை வீட்டுத் தரையில் மண்டியிட்டவர், சரவணா. ஒன்றைக்கூட அவர் மனசுக்குப் பிடித்த மாதிரிச் செய்ய அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. அந்த நேரத்தை விலையில் சேர்த்துக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

அந்த வருஷம் மழை ஆரம்பித்தபோது அவர் படுக்க முடியாமல் ஆகிவிட்டார். படுத்தால் மூச்சு முட்டும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்குவார். ஒரு நாள் காலையில் டீ போட்டுக்கொண்டு வருகிறேன், சாய்ந்தபடியே இருந்தார். டம்ளரைக் கையில் கொடுக்கக் குனிந்தபோதுதான் தெரிந்தது. நீ ஒரகடத்திலிருந்து வந்து சேர மதியம் ஆகிவிட்டது. பந்தலில் உட்கார்ந்து பீடி பீடி என்று பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவில் நீ மொட்டையடித்துக்கொண்டு நின்றாய். அப்போதே உன்னைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். நீ கம்பெனி வேலைக்காரன், உனக்கு எதற்கு இந்தத் தூசிக் கதை என்று இருந்துவிட்டேன். உன் கம்பெனி உன்னை வெளியே அனுப்பும், நீ பரண் மேலிருந்து அந்த மிஷினை எடுத்துக்கொண்டு ஆவடிக்குக் குடிபோவாய் என்று நான் எப்படி நினைப்பேன்.

இந்த வேலையை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. விட்டால் வேறு எதை வைத்துப் பிழைப்பாய். செய், ஆனால் போட்டோவை வாட்ஸப்பில் பார்த்துவிட்டு விலை சொல்லாதே. நேரில் போ. டைல்ஸ் எவ்வளவு சின்னதோ இடுக்கு அவ்வளவு அதிகம், அதனால் சதுர அடிக் கணக்கு இதற்கு ஒத்துவராது. உள்ளே இருப்பது ஒயிட் சிமெண்டா, கல் மாதிரி இறுகிப்போகிற எபாக்ஸியா என்று ஆணியால் கீறிப் பார். எபாக்ஸி என்றால் இன்னும் ஒரு நாள் சேர்த்துக்கொள். கீழ்வீட்டில் ஒழுகுகிறது என்றால் இடுக்கு பூசுவதால் மட்டும் நிற்காமல் போகலாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடு, பிறகு உன்னைத் திட்ட மாட்டார்கள். காய்வதற்கு ஆகிற நேரமும் வேலைதான். போய் வருகிற பெட்ரோலும், முகமூடிக்கு மாற்றுகிற வடிகட்டியும், சுரண்டித் தேய்ந்துபோகிற உன் மணிக்கட்டும் விலைக்குள் இருக்க வேண்டும். மிஷினில்லாமல் முடியாது என்கிற இடம் வந்தால், தூசியை உறிஞ்சி எடுக்கிற வேக்குவத்தை வாடகைக்கு எடுத்து அதோடு போடு, அந்த வாடகையையும் விலையில் சேர். எல்லாவற்றையும் கூட்டி ஒரு தொகை வரும். அதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல். சொன்ன பிறகு பேசாமல் இரு. உன் அப்பாவுக்கு அந்த மௌனம்தான் தாங்காது, ஏதாவது பேசி நிரப்பப் பார்ப்பார், பேசப் பேச விலை இறங்கும்.

இனி, நீ கோபப்படப்போகிற விஷயம். வேலப்பன்சாவடி போகிற வழியில் ஒரு டீச்சரம்மா வீட்டுக்கு வருகிற சனிக்கிழமை வருவதாக நீ ஒத்துக்கொண்டிருக்கிறாய். ரேஷன் கடையில் அவர்களே என்னிடம் சொன்னார்கள், உங்கள் பையன் ஒரே நாளில் முடித்துக்கொடுக்கிறேன் என்றார் என்று சந்தோஷமாகச் சொன்னார்கள். நேற்றுக் காலை நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். தரையைப் பார்த்தேன். முகப்பேர் வீட்டுத் தரை மாதிரியே சின்னச் சதுரம். "இது ரெண்டு நாள் வேலமா. என் பையன் தெரியாம சொல்லிட்டான். அவன் சொன்ன காசுக்கும் ஆகாது" என்றேன். அவர்களுக்கு முகம் மாறிவிட்டது. "பேசினதுக்கப்புறம் மாத்தினா எப்படீங்க? எங்களுக்கும் பட்ஜெட்னு ஒண்ணு இருக்கில்ல" என்றார்கள். உன் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். முழுசாக இல்லை, கொஞ்சம்தான் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள், பாவம் என்றார்கள். பிறகு, "தப்பா நெனச்சுக்காதீங்க, நாங்க வேற ஆளப் பாத்துக்கறோம்" என்றார்கள்.

கேட்டைத் தாண்டி வெளியே வந்துவிட்டேன். நாலு வீடு தாண்டியதும் கால் நின்றுவிட்டது. அந்த வேற ஆள் யார் பெற்ற பிள்ளையோ. அவனும் ஆயிரத்து ஐந்நூறுதான் சொல்வான். என் பிள்ளையை வெளியே இழுத்துவிட்டு இன்னொருத்தி பிள்ளையை உள்ளே தள்ளிவிட்டு வருகிற மாதிரி இருந்தது. திரும்பிப் போனேன். அந்த அம்மா கதவைத் திறந்தபோது, இன்னும் என்ன என்பது போலப் பார்த்தார்கள். "யாரு வந்தாலும் சரிமா, தண்ணி தெளிச்சிட்டு சுரண்டச் சொல்லுங்க. ஜன்னல தொறந்து வெச்சிக்கச் சொல்லுங்க. ஊட்ட நான் வந்து தொடச்சிக் குடுத்துட்டுப் போறேன்" என்றேன். அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சொல்வார்களா, மறந்துவிடுவார்களா, எனக்குத் தெரியாது.

இன்றைக்கோ நாளைக்கோ அவர்கள் உனக்குப் போன் செய்து, வர வேண்டாம் என்பார்கள். யாரோ உன் பிழைப்பில் மண்ணைப் போட்டதாக நீ நினைப்பாய். அது உன் அம்மாதான். பிரசவச் செலவு இருக்கிறது, வீட்டு வாடகை இருக்கிறது, இந்த நேரத்தில் இப்படிச் செய்துவிட்டாளே என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். என்னிடம் பேசாதே, வீட்டுக்கு வராதே, நான் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள். அந்தக் கோபம் தீர எத்தனை வருஷம் ஆனாலும் ஆகட்டும். அத்தனை வருஷமும் நீ இருக்க வேண்டும், நைனா.

அம்மா